கலகெதரவுக்கு வந்து சேரும் ஒரு நியமனக் கடிதம்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருணாகலுக்குப் போகும் ஏ10 வீதியில் இருக்கிறது கலகெதர. தும்பனைப் பிரதேசத்தின் அலுவல்கள் கூடும் சிறுநகரம் அது. அங்குள்ள நீதவான் நீதிமன்றத்துக்குப் புதிதாக ஒரு நீதவான் வரும்போது, அவருக்கு அந்த ஆசனத்தில் அமரும் உரிமையைத் தருவது ஒரு கடிதம். நீதிச்சேவை ஆணைக்குழு இயங்கும் கொழும்பு புதுக்கடையில் எழுதப்பட்டு வரும் நியமனக் கடிதம். களவு, அடிதடி, கசிப்பு, மணல் ஏற்றிய லொறி, வாகன விபத்து என நாள்தோறும் வரும் வழக்குகளைக் கேட்க அது அவருக்கு அதிகாரம் தருகிறது.

அதே கடிதம் வேறோர் அதிகாரத்தையும் சுமந்து வருகிறது. வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, அடிபட்ட பிள்ளை, தாய் வெளிநாட்டில் இருக்கத் தந்தையும் கைவிட்ட பிள்ளை, கடையில் கை வைத்த பிள்ளை ஆகியோர் எங்கே தூங்க வேண்டும், யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அது. கணவனால் துன்புறுத்தப்படும் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கட்டளை வழங்குவதும், பிள்ளைக்குத் தாபரிப்புப் பணம் இவ்வளவு என்று தீர்மானிப்பதும் அதற்குள் அடக்கம். ஒரு மனிதரின் வாழ்வில் அரசு நுழையக்கூடிய மிக ஆழமான இடங்கள் இவை.

இந்த வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, 'பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்டே ஆக வேண்டும் என நமது சட்டம் எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. கடிதத்தின் பயணத்தை அதன் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால் இந்தக் குறை எப்படி உண்டாயிற்று என்பது விளங்கும்.

கடிதத்தின் முன்னோர்

கண்டி இராச்சியத்தில் நீதி வழங்கத் தனி ஆட்கள் இருக்கவில்லை. ஊர்ச் சண்டையைக் கம்சபாவ என்ற ஊர்ச்சபை தீர்த்தது. அதற்கு மேலே ரட்டசபாவ என்ற பிரதேச சபை, திசாவை என்ற மாகாண அதிபதி, எல்லாருக்கும் மேலே மன்னன். திருமணம், பிரிவு, பிள்ளையின் உரிமை எல்லாம் ஊருக்குள்ளேயே, ஊரை அறிந்தவர்களாலேயே பேசப்பட்டன.

1803இல் பிரித்தானியப் படை கண்டிக்கு ஏறியபோது கலகெதர, கிரிஹாகம ஆகிய காவல் அரண்களைக் கைப்பற்றியே முன்னேறியது. அந்தப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. 1815இல் கண்டி உடன்படிக்கையோடு ஆட்சி கைமாறியது. படை வந்த வழியே சட்டமும் வந்தது. முதலில் கண்டிப் பகுதிக்கென்று தனி ஆணையாளர்கள் நீதி விசாரித்தார்கள். 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் அந்தத் தனி ஏற்பாட்டை முடித்துவிட்டு, தீவு முழுவதையும் ஒரே நீதிமன்ற அமைப்புக்குள் கொண்டுவந்தது. நீதிபதியை நியமிப்பது ஆள்பதியின் கையில் இருந்தது.

அக்காலத்து நியமனங்கள் எப்படி இருந்தன என்பதற்குக் கண்டியிலேயே ஒரு சான்று உண்டு. பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வுல்ஃப் 1907, 1908 ஆண்டுகளில் கண்டிக் கச்சேரியில் அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளராகப் பணியாற்றினார். கண்டிய முறைப்படி மணந்தவர்களின் விவாகரத்துகள் அவர் மேசைக்கு வந்தன. அப்போது அவருக்கு 30 வயதும் ஆகவில்லை, திருமணமும் ஆகவில்லை. இங்கிலாந்தில் சிவில் சேவைப் பரீட்சை எழுதித் தேறியதே அவருடைய தகைமை. பதவியில் உட்கார்ந்தவர் எல்லா வேலையும் பார்ப்பார் என்பது குடியேற்ற நிர்வாகத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஆட்சி மாறிய பின்னும் நம் நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கிறது.

அதிகாரம் யாருடைய கையில்?

சுதந்திரத்தை ஒட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பு, நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிக்கும் பொறுப்பை நீதிச்சேவை ஆணைக்குழுவிடம் கொடுத்தது. பிரதம நீதியரசர் அதன் தலைவர். இது காகிதத்தில் மட்டும் எழுதிய பாதுகாப்பாக நின்றுவிடவில்லை. 1964இல் ரணசிங்க என்பவரின் இலஞ்ச வழக்கு, அன்று இறுதி மேன்முறையீட்டைக் கேட்ட இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அவரைத் தண்டித்த இலஞ்ச நியாயசபையின் உறுப்பினர்கள் நீதித்துறை அதிகாரத்தைச் செலுத்தியவர்கள். ஆணைக்குழு அவர்களை நியமிக்கவில்லை. ஆகவே அந்தத் தீர்ப்பு செல்லாது என்று முடிவாயிற்று. நியமனம் சரியாக இல்லாவிட்டால் தீர்ப்பே இல்லை என்பதை நாடு அன்று தெளிவாகக் கற்றது.

1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு அந்த ஆணைக்குழுவை அகற்றி, ஓர் ஆலோசனைச் சபையை வைத்து, நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் கொடுத்தது. 1978இல் ஆணைக்குழு மீண்டும் வந்தது. 2001இன் 17ஆம் திருத்தம், 2010இன் 18ஆம் திருத்தம், 2015இன் 19ஆம் திருத்தம், 2020இன் 20ஆம் திருத்தம், 2022இன் 21ஆம் திருத்தம் என்று, ஆணைக்குழுவின் உறுப்பினர்களை யார் நியமிப்பது, அதற்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டுமா என்ற கேள்வி முன்னும் பின்னுமாக இழுபட்டது. 19ஆம் திருத்தம் ஒரு நல்ல நிபந்தனையைச் சேர்த்தது. பிரதம நீதியரசரும் மூத்த இரு நீதியரசர்களும் சேர்ந்ததே ஆணைக்குழு. அந்த மூவரில் ஒருவருக்கேனும் முதனிலை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த அனுபவம் இல்லையென்றால், அந்த அனுபவம் உள்ள அடுத்த மூத்த நீதியரசர் ஒருவர் உள்ளே வர வேண்டும். கீழ் நீதிமன்றத்தின் புழுக்கமும் நெரிசலும் தெரிந்த ஒருவராவது தேர்வு மேசையில் இருக்க வேண்டும் என்ற இந்த எண்ணம் மதிக்கத்தக்கது.

இத்தனை போராட்டமும் ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்தது: நியமிப்பவர் யார்? அது பெரிய கேள்விதான். ஆனால் எதைப் பார்த்து நியமிப்பது என்ற இரண்டாவது கேள்விக்கு அந்த ஆண்டுகளில் யாரும் அதே வேகத்தோடு போராடவில்லை.

புதுக்கடையில் பிறப்பு

இன்றைய கடிதம் பிறக்கும் முறை இது. நீதிச்சேவையில் வெற்றிடங்கள் ஏற்பட்டதும் வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். விண்ணப்பிப்பவர் சட்டத்தரணியாக இருக்க வேண்டும்; தொழில் அனுபவமும் வயதெல்லையும் உண்டு. எழுத்துப் பரீட்சை, பின் நேர்முகம். தேறியவர் நீதிச்சேவையின் அடிப்படைத் தரத்தில் நுழைகிறார். பிரதம நீதியரசர் முன் சத்தியப்பிரமாணம் செய்கிறார். 1985ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கை நீதிபதிகள் நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறார். பின் நாட்டின் ஏதோவொரு மூலைக்கு அனுப்பப்படுகிறார்.

மேல் நீதிமன்ற நீதிபதிக்கு வழி வேறு. அவரை ஆணைக்குழுவின் சிபாரிசில் சனாதிபதி நியமிப்பார். ஆணைக்குழு அந்தச் சிபாரிசைச் சட்டமா அதிபருடன் கலந்தே செய்யும். ஆனால் பிள்ளைகளின் அன்றாட வழக்குகள் முதலில் போவது மேல் நீதிமன்றத்துக்கு அல்ல. அவை ஏணியின் அடிப்படியில் இருப்பவரிடம் போகின்றன. சேவையில் மிக இளையவர், அனுபவத்தில் மிகக் குறைந்தவர் யாரோ அவரிடம். நமது அமைப்பின் பெரிய முரண் இதுதான். காணிப் பிணக்கையும் கடன் வழக்கையும் கேட்க அனுபவம் முதிர்ந்த மாவட்ட நீதிபதி. பத்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் புதிதாக வந்த நீதவான்.

புதிதாக வருபவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இளம் நீதவான்கள் பலர் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அந்தப் பொறுமை அவர்களுடைய சொந்தக் குணம். தேர்வு முறை அதைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்பவில்லை. நல்ல நீதவான் வாய்த்தால் அது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம் என்ற நிலையில் ஒரு நாடு இருக்கக் கூடாது.

1939 ஏற்றிவிட்ட சுமை

கடிதத்துக்குப் பிள்ளைகளைப் பற்றிய அதிகாரத்தைத் தந்தது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். 1899இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகின் முதல் சிறுவர் நீதிமன்றம் தொடங்கியது. 1908இல் இங்கிலாந்து தன் சிறுவர் சட்டத்தை இயற்றியது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவின் முதல் சிறுவர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் இலங்கையின் சட்டமும் வந்தது. அதன் நேரடி முன்மாதிரி 1933இன் ஆங்கிலச் சட்டம்.

தன் காலத்துக்கு அது கருணையான சட்டம். சிறுவர் வழக்குகளை வேறு கட்டடத்தில், அல்லது வேறு அறையில், அல்லது வேறு நாளில் வேறு நேரத்தில் கேட்க வேண்டும் என்றது. பொதுமக்கள் உள்ளே நிற்கக் கூடாது என்றது. பிள்ளையைப் பொறுத்தவரை 'குற்றவாளித் தீர்ப்பு', 'தண்டனை' என்ற சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்றது. 14 வயதுக்குக் குறைந்தவரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16 வயதுக்குக் குறைந்தவரை இளம் ஆள் என்றும் அன்று வகுத்தது. குற்றம் செய்த பிள்ளையோடு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையையும் அதே மன்றத்தின் கீழ் கொண்டுவந்தது. பெற்றோரிடம் பிணை வாங்கி ஒப்படைக்கலாம். உறவினரிடமோ தகுந்த வேறு ஒருவரிடமோ கொடுக்கலாம். சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் மூன்று ஆண்டு வரை வைக்கலாம்.

காலத்தின் கறையும் அதில் இருந்தது. ஆண் பிள்ளைக்கு ஆறு பிரம்படி வரை கொடுக்க உத்தரவிடும் அதிகாரமும் அந்த நீதவானுக்கு இருந்தது. 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் உடல் ரீதியான தண்டனையை நீக்கும் வரை அந்தப் பிரம்பு சட்டப் புத்தகத்தில் கிடந்தது. குற்றப் பொறுப்புக்கான வயது 8 ஆக இருந்தது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் அதை 12 ஆக்கி, 12 முதல் 14 வரையுள்ள பிள்ளைக்குத் தான் செய்ததை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று நீதவான் பார்க்க வேண்டும் என்றது.

அந்த ஒரு கடமையை எடுத்துப் பாருங்கள். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மனமுதிர்ச்சியை அளக்க வேண்டும். மருத்துவ அறிக்கை வரும், நன்னடத்தை அறிக்கை வரும். முடிவு நீதவானுடையது. சாட்சியச் சட்டம் நன்றாகத் தெரிந்தால் மட்டும் போதுமா இந்த வேலைக்கு?

1933இன் ஆங்கிலச் சட்டம் இதை உணர்ந்திருந்தது. பிள்ளைகளின் வழக்கைக் கையாளத் தனித் தகுதி உள்ள நீதவான்களின் பட்டியல் ஒன்றிலிருந்தே சிறுவர் மன்றத்துக்கு ஆள் எடுக்க வேண்டும், இயன்றவரை ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர வேண்டும் என்று அங்கே விதி செய்தார்கள். சட்டத்தின் மற்றப் பகுதிகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. தேர்ந்தெடுத்த பட்டியல் என்ற அந்த ஏற்பாடு மட்டும் வந்து சேரவில்லை. தனியான சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடங்களில், அந்தப் பகுதியின் நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்வார் என்றாயிற்று. கொழும்பு பம்பலப்பிட்டியில் இருந்த சிறுவர் நீதிமன்றம் நெடுங்காலம் நாட்டில் தனித்தே நின்றது. பிறகு பத்தரமுல்லையிலும் ஒன்று வந்தது. நாட்டின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு, கலகெதரப் பிள்ளை உட்பட, வாய்ப்பது ஊர் நீதவானே.

குடும்ப நீதிமன்றத்தின் கதையும் இதை ஒத்தது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றம் என்ற தனி மன்றத்தை நாட்டுக்கு அறிமுகம் செய்தது. சில ஆண்டுகளிலேயே அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்தோடு சேர்க்கப்பட்டது. இன்று விவாகரத்தையும் பிள்ளையின் கட்டுக்காவலையும் கேட்பவர், அதே வாரத்தில் காணிப் பிரிவினையையும் ஈட்டுக் கடனையும் கேட்கும் மாவட்ட நீதிபதி. குடும்பத்துக்கென்று அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

கலகெதரவில் கடிதத்தின் வாழ்வு

கடிதம் கலகெதரவுக்கு வந்ததும் அதன் சுமை கூடுகிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அதே நீதவானைத் தாபரிப்பு மன்றமாக்குகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும் 12 மாதங்கள் வரை நீளும் பாதுகாப்புக் கட்டளையும் வழங்கும் பொறுப்பை அவரிடம் தருகிறது. ஒரே வீட்டின் துன்பம் மூன்று வழக்கு இலக்கங்களில், மூன்று கோப்புகளில், வேறு வேறு தவணைகளில் அதே மேசைக்கு வரலாம்.

கலகெதர மக்கள் யார் என்பதையும் கடிதம் கவனத்தில் எடுப்பதில்லை. கண்டி மன்னர் காலத்தில் பொதி மாடுகளை நடத்திய மடிகே பத்த என்ற பிரிவில் முஸ்லிம்கள் சேவை செய்தார்கள். அந்தப் பெயரைச் சுமந்த முஸ்லிம் ஊர்கள் இந்தப் பக்கங்களில் இன்றும் உண்டு. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். தோட்டங்களில் மலையகத் தமிழ்க் குடும்பங்கள். தமிழ் பேசும் பிள்ளை இந்த மன்றத்துக்கு வருவது விதிவிலக்கல்ல.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் நடக்கின்றன. தமிழ் பேசுபவருக்கு அரசின் செலவில் மொழிபெயர்ப்பு பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற முதலியார் கேள்வியைத் தமிழில் சொல்வார், பதிலைச் சிங்களத்தில் சொல்வார். காணி வழக்குக்கு இது போதலாம். வீட்டுக்குள் தனக்கு நடந்ததைச் சொல்லும் பிள்ளை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே நிறுத்தி, அது இன்னொருவர் வாயால் மறுபடி உரக்கச் சொல்லப்படுவதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் நீதவானுக்கே தமிழ் தெரிந்திருப்பது சலுகை ஆகாது. அது விசாரணையின் தரம். கண்டி, மாத்தளை, நுவரெலியா போன்ற மாவட்டங்களில் சிறுவர் வழக்கைக் கேட்கப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது இரு மொழித் திறனைத் தகைமையாக வைப்பது நியாயமான கோரிக்கை.

நீதவானின் கண்களாக இருப்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திலிருந்து அவர் வருகிறார். வீட்டுக்குப் போகிறார், பாடசாலையில் விசாரிக்கிறார், கிராம உத்தியோகத்தரிடம் கேட்கிறார், அறிக்கை எழுதுகிறார். எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீதவான். அறிக்கையில் எது விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியவரும் அவரே. அதற்குப் பழகாத நீதவானிடம் அறிக்கை போனால், கடைசிப் பந்தியில் உள்ள சிபாரிசே கட்டளையாகிவிடும். சிறுவர் இல்லத்துக்கு அனுப்புவது எப்போதும் எளிதான கட்டளை. பாட்டியின் வீட்டில் விடலாமா, அதற்கு என்ன உதவி வேண்டும் என்று ஆராய்வது உழைப்பைக் கேட்கும் கட்டளை. பிள்ளையின் வாழ்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் தீர்மானமாகிறது.

அதே ஆணைக்குழு தரும் இன்னொரு கடிதம்

கலகெதர முஸ்லிம் குடும்பத்துக்குப் புதுக்கடையிலிருந்து வரும் வேறொரு கடிதமும் முக்கியமானது: காதியின் நியமனக் கடிதம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி தலாக் (கணவன் தரும் விவாகரத்து), பஸ்ஹ் (மனைவி கோரும் விவாகரத்து), மனைவி பிள்ளைகளின் தாபரிப்பு ஆகியவற்றைக் காதி விசாரிக்கிறார். 1960களின் தொடக்கத்தில் ஒரு வழக்கில், காதியும் நீதித்துறை அதிகாரத்தையே செலுத்துகிறார், ஆகவே அவரை நீதிச்சேவை ஆணைக்குழுவே நியமிக்க வேண்டும் என்று தீர்க்கப்பட்டது. அதன் பின் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. காதிப் பதவியின் கௌரவத்தை உயர்த்திய முடிவு அது.

தகைமை மட்டும் உயரவில்லை. நன்னடத்தையும் அந்தஸ்தும் தகுந்த தகைமையும் உள்ள முஸ்லிம் ஆண் என்பதே சட்டம் கேட்பது. சட்டக் கல்வி கட்டாயமில்லை. பெண்ணை நியமிக்க முடியாது. காதியின் முன் சட்டத்தரணி தோன்றி வாதாடவும் முடியாது. ஆகவே விவாகரத்துக் கேட்டு வரும் பெண், ஆண் காதியின் முன், காதியோடு அமரும் ஆண்களான ஜூரிகளின் முன், துணைக்கு வழக்கறிஞரும் இல்லாமல் தன் துயரத்தைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தைச் சீர்திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை தந்தது. பெண் காதி என்ற கேள்வியில் உறுப்பினர்கள் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். மார்க்கத்தின் மீது மதிப்பு வைத்தே சொல்கிறேன்: அறிவும் நேர்மையும் உள்ள முஸ்லிம் பெண்கள் நம்மிடையே சட்டத்தரணிகளாகவும் நீதவான்களாகவும் இருக்கிறார்கள். குற்றவியல் வழக்கில் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்ற பெண், தன் சமூகத்துப் பெண்ணின் தாபரிப்பு வழக்கைக் கேட்கத் தகுதியற்றவர் என்று சட்டம் சொல்வதை நியாயப்படுத்த முடியாது.

அயல் சிங்கள வீட்டில் நிலை வேறு. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணந்தவர்கள் விவாகரத்துக்கு மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். அவர் நீதிபதியே அல்லர், நிர்வாக அலுவலர். இருவரும் சம்மதித்தாலோ, சேர்ந்து மகிழ்ச்சியாக வாழ முடியாமல் ஓராண்டு பிரிந்திருந்தாலோ அவர் விவாகத்தைக் கலைக்கலாம். செலவு குறைவு, அவமானம் குறைவு. இதில் கற்றுக்கொள்ள நல்லது இருக்கிறது. ஆனால் ஒரே ஊரில், ஒரே பாடசாலையில் ஒரே வாங்கில் இருக்கும் மூன்று பிள்ளைகளின் பெற்றோர் பிரிந்தால், அதைக் கேட்பவர்கள் மூன்று வெவ்வேறு முறைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று ஆட்கள்: காதி, மாவட்டப் பதிவாளர், மாவட்ட நீதிபதி. அந்த மூவரில் எவரையும் பிள்ளையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

செய்ய முடியாத ஒன்றை நாம் கேட்கவில்லை என்பதற்குத் தமிழ்நாடு அருகிலேயே இருக்கிறது. இந்தியாவின் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நீதிபதிக்கு ஏழு ஆண்டு அனுபவம் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் நலனில் அக்கறையும், பேசி இணக்கம் காணச் செய்யும் அனுபவமும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும், பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் மேலே போகிறது. இளைஞர் நீதிக் குழுமத்தில் தனி நீதிபதி அமர்வதில்லை. குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்து அமர்கிறார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சமூகப் பணியாளர் பிள்ளைகளின் கல்வி, சுகாதாரம், நலன் ஆகியவற்றில் ஏழு ஆண்டு உழைத்தவராக, அல்லது உளவியல், சமூகவியல் போன்ற துறையில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். நியமனம் பெற்ற 60 நாட்களுக்குள் பயிற்சி தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அங்கும் வெற்றிடங்களும் தாமதங்களும் உண்டு. ஆனாலும் எப்படிப்பட்டவர் வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டதால், அப்படிப்பட்டவர் இல்லாதபோது குடிமகன் கேள்வி கேட்க முடிகிறது. இலங்கையில் அந்தக் கேள்விக்கே பிடி இல்லை.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்ட நாடு. 1985இன் பெய்ஜிங் விதிகள் என்று அறியப்படும் ஐக்கிய நாடுகளின் விதிகள், சிறுவர் வழக்கைக் கையாளும் எல்லாருக்கும் தொழில்சார் கல்வியும் தொடர் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. ஒப்புக்கொண்ட கடமையைத் தேர்வு முறையில் எழுதுவதுதான் மிச்சம்.

இடமாற்றம்

ஒரு நாள் இன்னொரு கடிதம் வரும். வருடாந்த இடமாற்றப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும். நீதவான் வேறு ஊருக்குப் போவார். ஊர்க்காரரோடு அளவுக்கு மிஞ்சிய நெருக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக உள்ள இந்த ஏற்பாடு பொதுவாக நல்லது. ஆனால் சிறுவர் வழக்கில் அது ஒரு விலையைக் கேட்கிறது. மூன்று ஆண்டு மேற்பார்வையில் வைத்த பிள்ளை, கட்டளையிட்டவர் போன பின்னும் தவணைக்கு வந்துகொண்டிருக்கும். புதியவருக்கு அந்தப் பிள்ளை ஒரு கோப்பு. முந்தியவரிடம் வெட்கப்பட்டு, அழுது, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு.

கலகெதரவிலிருந்து போகும் நீதவான் பிள்ளைகளைப் பற்றிக் கற்றதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. அடுத்த பதவியில் அவர் காணி வழக்குக் கேட்கலாம். அந்த அறிவை மதித்து, சிறுவர் வழக்குக்கென்றே அவரைத் தொடர்ந்து வைத்திருக்கும் ஒரு பாதை நமது நீதிச்சேவையில் உருவாகவில்லை.

கேட்க வேண்டியவை

பெரிய கட்டடங்கள் கட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நீதிச்சேவை ஆணைக்குழு தன் அதிகாரத்துக்குள்ளேயே பலவற்றைச் செய்ய முடியும். பரீட்சையிலும் நேர்முகத்திலும் சிறுவர், குடும்பச் சட்டத்துக்குக் கட்டாய இடம் தரலாம். முதல் சிறுவர் வழக்கைத் தொடும் முன்னர் நீதிபதிகள் நிறுவனத்தில் தனிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று விதிக்கலாம். ஒவ்வொரு மாகாணத்திலும் விருப்பமும் தகைமையும் உள்ள நீதவான்களின் பட்டியலை வைத்து, கண்டி, கலகெதர, தெல்தெனிய, கம்பளை போன்ற மன்றங்களின் சிறுவர் வழக்குகளுக்குக் குறித்த நாட்களில் அவர்களை அனுப்பலாம். தமிழ் பேசும் மக்கள் வாழும் இடங்களுக்குத் தமிழ் அறிந்தவருக்கு முதலிடம் தரலாம். அவர்களுடைய இடமாற்றத்துக்கு நீண்ட இடைவெளி வைக்கலாம். பாராளுமன்றம் செய்ய வேண்டியது இரண்டு: சிறுவர் நீதிபதியின் தகைமையைச் சட்டத்தில் எழுதுவது; காதிப் பதவியைச் சட்டம் படித்த பெண்களுக்கும் திறப்பது.

நியமிப்பவர் யார் என்ற கேள்விக்காக இந்த நாடு ஐந்து முறை அரசியலமைப்பைத் திருத்தியிருக்கிறது. யாரை, எந்தத் தகைமைக்காக என்ற கேள்விக்கு ஒரு சட்டப் பிரிவாவது எழுதுவது பெரிய வேண்டுகோள் அல்ல. சட்டத்தரணிகள் சங்கத்தில் இருப்பவர்கள் இதைத் தீர்மானமாக முன்வையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், அடுத்த காதிக்கு விண்ணப்பம் கோரும்போது ஊர் மதிப்போடு சட்ட அறிவையும் பாருங்கள். பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும் பெற்றோர், வீதியையும் பாலத்தையும் கேட்கும் அதே உரிமையோடு பிள்ளைகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதியையும் கேளுங்கள்.